கடலை மேல் குற்றமில்லை!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘நிலக்கடலை நம் குடும்பத்துக்குப் பெரிதும் தருவது நலமா, கேடா?’ – ‘நலமே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

மாண்பமை நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, ‘கேடே, கேடே’ என்று மேசையைத் தட்டிப் பேசிவிட்டு இப்போது அமைதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, அரங்கத்தில் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் எதையோ கொறித்துக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பத்தினரே!

நீங்கள் கொறிப்பது கடலையாக இருந்தால், உங்கள் ஓட்டு எங்கள் அணிக்கு. (சிரிப்பு)

நடுவர் அவர்களே, முதலில் ஒரு புகார். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் ஒப்பனை அறையில் ஒரு தட்டு நிறைய வறுத்த கடலை வைத்திருந்தார்கள். எதிரணித் தலைவர் உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து நான் போனேன். தட்டு இருக்கிறது, தோல் இருக்கிறது, கடலையைக் காணோம். ‘என்னங்கய்யா இது?’ என்றேன். ‘கேடான பொருள் பேராசிரியரே, உங்க உடம்புக்கு ஆகாதேன்னு நானே முடிச்சுட்டேன்’ என்கிறார்! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, விசாரணைக்கு வருவோம். கூண்டில் நிற்கிறவர் யார்? பெயரைக் கேட்டால் ஊருக்கு ஒரு பெயர் சொல்கிறார். மதுரைப் பக்கம் நிலக்கடலை. சென்னையில் வேர்க்கடலை. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டை. இலங்கைத் தமிழர்கள் கச்சான் என்பார்கள். அதென்ன மல்லாட்டை? பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரத்தின் பெயரால் வந்தது மணிலாக் கொட்டை. அதுவே நம்மவர் வாயில் உருண்டு மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகிவிட்டது.

நான் தமிழ் வாத்தியார். எதைப் பேசினாலும் சங்க இலக்கியத்தில் தேடுவது எங்கள் பழக்கம். நிலக்கடலையை அங்கே தேடினால் கிடைக்காது. கபிலரும் தின்றதில்லை, ஔவையாரும் தின்றதில்லை. காரணம், இது தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். 1492-இல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போன பிறகுதான், ஐரோப்பியர்களின் கப்பலில் ஏறி ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது. வந்தது விருந்தாளியாக, ஆனது வீட்டுப் பிள்ளையாக. 19-ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்ஸ் நாட்டு மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிருக்கிறது. 2020-இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். இனிமேல் இதை வெளியூர்க்காரர் என்று சொல்ல முடியுமா?

இன்னொரு வேடிக்கை. வேர்க்கடலை என்கிறோமே, அது வேரில் காய்ப்பதில்லை! செடியின் மேல்புறத்தில் மஞ்சளாகப் பூக்கிறது. கருவுற்ற பிறகு பூவின் அடியிலிருந்து ஒரு காம்பு விழுதுபோல நீண்டு, வளைந்து, மண்ணுக்குள் இறங்கி அங்கே காயாகிறது. பூப்பது வெளியே, காய்ப்பது உள்ளே. செய்கிற நன்மையை ஊருக்குத் தண்டோரா போடாமல் மண்ணுக்குள் ஒளித்துவைக்கிற செடி அய்யா இது! (கைதட்டல்) இது பாதாம், முந்திரிக்கு உறவே கிடையாது. துவரை, உளுந்து, பாசிப்பயறு இருக்கின்றனவே, அந்தப் பயறு வகைக் குடும்பத்துப் பிள்ளை. அதனால்தான் இதில் புரதம் கொட்டிக் கிடக்கிறது.

நடுவர் அவர்களே, எதிரணி நான்கு குற்றச்சாட்டு வைத்தது. ஒன்று, கொழுப்பு. இரண்டு, பூஞ்சை நஞ்சு. மூன்று, ஒவ்வாமை. நான்கு, குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கும் என்பது. நான்குமே பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு அவர்கள் கொடுத்த தீர்ப்பு இருக்கிறதே, ‘அதனாலே கடலையே வேண்டாம்’ என்ற தீர்ப்பு, அங்கேதான் எனக்குச் சண்டை.

முதல் குற்றச்சாட்டு. எதிரணிச் சகோதரி சொன்னார்: ‘கடலை முழுக்கக் கொழுப்பு. தின்னா ரத்தத்துல கொலஸ்ட்ரால் ஏறிடும்.’ அம்மா, கொலஸ்ட்ரால் என்பது விலங்குணவில் இருப்பது. செடியில் விளையும் கடலையில் அது கிடையாது. கொழுப்பு இருக்கிறதா? இருக்கிறது. 100 கிராம் கடலையில் ஏறத்தாழ 49 கிராம். ஆனால் அதில் இதயத்துக்கு ஆகாத நிறைவுற்ற கொழுப்பு 7 கிராமுக்கு உள்ளேதான். மீதியில் பெரும்பகுதி இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் வகை.

கொழுப்பை மட்டும் எண்ணிவிட்டுப் புரதத்தை எண்ணாமல் போனால் எப்படி? 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் எடுத்தால் 7 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். முட்டைப் புரதம் தரத்தில் உயர்ந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் நம் வீட்டு அம்மாமார்கள் கடலையைத் தனியாக விடாமல், சோற்றோடு கடலைச் சட்னி, கடலைப்பொடி, கடலைக் குழம்பு என்று சேர்த்துக் கொடுத்தார்கள். அதோடு நார்ச்சத்து, ஃபோலேட், நியாசின், மெக்னீசியம், வைட்டமின் ஈ. இத்தனையும் ஒரு பொட்டலத்துக்குள்!

2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வருமானம் குறைந்த மக்கள், சீனாவில் ஷாங்காய் நகர மக்கள், இரண்டு லட்சம் பேருக்கு மேல். அவர்களை ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். கடலையும் கொட்டை வகைகளும் அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம், மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, இறப்பு விகிதம் நூற்றுக்கு 17 முதல் 21 வரை குறைவாக இருந்தது. கடலை தின்றதனால்தான் ஆயுள் கூடியது என்று இது ஒன்றை வைத்தே சத்தியம் செய்ய முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வேறு நல்ல பழக்கங்களும் இருந்திருக்கலாம். ஆனால் கேடு என்றால் கணக்கு எதிர்ப்பக்கம் அல்லவா சாய்ந்திருக்க வேண்டும்?

‘அப்படியானா நாளைக்கு ஒரு படி தின்னலாமா?’ என்று தம்பி கேட்பார். தின்னக் கூடாது! 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. என் அணித் தோழர் சொன்னார், காந்தியடிகளே கடலை சாப்பிட்டார் என்று. பாதிதான் சொன்னார், மீதியை நான் சொல்கிறேன். 1918-இல் கேடா மாவட்டத்தில் ஓயாமல் அலைந்த நாட்களில் காந்திக்கு முக்கிய உணவு கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். அதை அளவுக்கு மேல் சாப்பிட்டதால் வயிற்றுக்கடுப்பு வந்தது என்று ‘சத்திய சோதனை’யில் அவரே எழுதியிருக்கிறார். ஆசையை அடக்கச் சொல்லிக்கொடுத்த மகாத்மாவையே கொஞ்சம் அசைத்துப் பார்த்த பொருள் அய்யா இந்தக் கடலை! நாமெல்லாம் எம்மாத்திரம்? (சிரிப்பு) ஆகவே கைப்பிடி. அளவு யாருடைய கைப்பிடி என்றால், தின்பவருடைய கைப்பிடி. எங்கள் வீட்டில் நான் ‘ஒரு கைப்பிடிதான்’ என்று எடுப்பேன். ‘கை உங்களுதா, பீமசேனனுதா?’ என்று கேட்பாள் என் மனைவி. (சிரிப்பு)

திருவள்ளுவர் 95-ஆவது அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர் வைத்தார். உள்ளே போய்ப் பார்த்தால் மருந்துக் கடைச் சாமான் எதுவும் இல்லை. அளவாகச் சாப்பிடு, முன்னே தின்றது செரித்த பிறகு சாப்பிடு என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அளவை மீறினால் நெய்யும் கேடு, தேனும் கேடு. கடலையை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? எண்ணெயில் பொரித்து, உப்பை வாரிக் கொட்டி, மசாலா பூசித் தின்றால் ரத்தக் கொதிப்பு ஏறும். அது உப்பு செய்த குற்றம். கடலை மிட்டாயைச் சர்க்கரை நோயாளி கணக்கில்லாமல் தின்றால் சர்க்கரை ஏறும். அது வெல்லம் செய்த வேலை. கூட்டாளி செய்த தப்புக்கு இவரை ஏன் பிடிக்கிறீர்கள்? சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு, பூஞ்சை நஞ்சு. இதை நான் சிரித்துக் கடக்கமாட்டேன். இது உயிர் சம்பந்தப்பட்டது. 1960-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்றே தெரியவில்லை. கடைசியில் தேடிப் பார்த்தால், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சையின் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அது சுரந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் நஞ்சு. ஹெபடைடிஸ் பி கிருமியும் உடம்பில் இருந்தால் ஆபத்து பன்மடங்கு. வறுத்தால் கொஞ்சம் குறையுமே தவிர முழுக்கப் போகாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த நஞ்சு கடலையில் பிறந்ததா? இல்லையே! ஈரத்தில் பிறந்தது. அசட்டையில் வளர்ந்தது. சோளத்திலும் மிளகாயிலும்கூட இதே பூஞ்சை வரும். அறுவடை நேரத்தில் பாருங்கள். கொடியோடு பிடுங்கிப் போட்ட கடலை மழையில் நனைகிறது. ஆய்ந்து எடுத்த காயை நன்றாகக் காயவைக்காமல் குவித்து மூட்டை கட்டுகிறோம். ஓடு உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீர் தெளித்து ஊறவைக்கிறோம். அந்த ஈரம்தான் பூஞ்சைக்குத் தாய்ப்பால். காய் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும்வரை காயவைத்தால் பாதி நஞ்சு வாசலிலேயே நின்றுவிடும்.

மீதிப் பாதி நம் வீட்டுப் பெண்கள் கையில் இருக்கிறது. எங்கள் பாட்டி முறத்தில் கடலையைப் போட்டுப் புடைப்பார். சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடித்தது, எல்லாம் ஓரத்துக்குப் போகும். ஒன்றை வாயில் போட்டால் கசக்கிறதா, ‘தூ’ என்று துப்பிவிட்டு வாயைக் கொப்பளி என்பார். அவருக்கு அஃப்ளடாக்சின் தெரியாது. ஆனால் கசப்பு தெரியும். இன்றைக்கு நாம் பொறுக்குவதே இல்லை. அதைவிட மோசம், பொறுக்கி எடுத்த சொத்தைக் கடலையை ‘வீணாப் போவானேன்’ என்று செக்கில் எண்ணெய் ஆட்டக் கொடுத்துவிடுகிறோம். சுத்திகரிக்காத எண்ணெயில் அந்த நஞ்சு இறங்கும். பூசணம் பிடித்த பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கிறோம். மாடு தின்றால் நஞ்சு பாலில் வரும். நாம் கடலையை விட்டாலும் அது காபியில் வந்து நிற்கும், நடுவர் அவர்களே! ஆகவே சொத்தைக் கடலை போகவேண்டிய இடம் குப்பை. செக்குக்கும் போகக் கூடாது, தொட்டிக்கும் போகக் கூடாது. (கைதட்டல்)

கடலையைச் சுற்றித் தரும் காகிதத்தையும் சொல்லிவிடுகிறேன். பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் படித்தே தமிழ் வளர்த்த தலைமுறை எங்கள் தலைமுறை. பாதித் தொடர்கதை பொட்டலத்தில் இருக்கும்; மீதிக்காக மறுநாளும் கடலை வாங்குவோம். (சிரிப்பு) ஆனால் அச்சுமை உணவில் ஒட்டுவது நல்லதல்ல. செய்தித்தாளில் உணவைக் கட்டாதீர்கள் என்று 2023-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பவும் எச்சரித்திருக்கிறது. வெள்ளைக் காகிதமோ, இலையோ, ஒரு கிண்ணமோ போதும்.

மூன்றாவது, ஒவ்வாமை. சிலருக்குக் கடலை ஆகவே ஆகாது. மேலை நாடுகளில் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு இருக்கிறது. அவர்களுக்கு ஒரு துளி பட்டாலும் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும், வாந்தி வரும், மூச்சு திணறும். சில சமயம் உயிரே போகும். நம் நாட்டில் இது அதிகம் இல்லை என்று யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். கடலை தின்ற சிறிது நேரத்தில் இந்த அறிகுறிகள் வந்தால், மோர் கொடுத்துப் பார்ப்போம், விபூதி போட்டுப் பார்ப்போம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-ஐ அழையுங்கள். அட்ரினலின் ஊசிதான் அந்த நேரத்து மருந்து. ஒவ்வாமை உறுதியானவர்கள் கடலையைக் கையால்கூடத் தொட வேண்டாம். அவர்கள் வரைக்கும் எதிரணி சொல்வதே சட்டம். நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஒன்றிரண்டு பேருக்காக மற்ற எல்லாக் குழந்தைகளையும் பயமுறுத்தினால் என்ன ஆகும்? அதற்கும் கதை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், ஒவ்வாமை வரக்கூடிய வீட்டுக் குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கடலையே கொடுக்காதீர்கள் என்று அறிவுறுத்தியது. நல்ல எண்ணம்தான். தாய்மார்களும் பயந்து கேட்டார்கள். ஒவ்வாமை குறைந்ததா? குறையவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகம்! ஒரே இனம். வேறுபாடு என்ன? இஸ்ரேலில் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலை சேர்த்த தின்பண்டம் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் பயந்து விலக்கினார்கள்.

இதைச் சோதித்தே பார்ப்போம் என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இறங்கினார்கள். 4 மாதம் முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகள். கடுமையான தோல் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளைகள். பாதிப் பேருக்குக் கடலை உணவு ஒழுங்காகக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அறவே கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தால், விலக்கிய குழுவில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை. சாப்பிட்ட குழுவில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். 2015-இல் இது வெளிவந்தது. 2017-இல் அமெரிக்காவின் மருத்துவ வழிகாட்டுதலே மாறியது. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேடு வரும் என்று பயந்து விலக்கினார்கள்; விலக்கியதாலேயே கேடு வந்தது! இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் கைக்குழந்தை வாயில் கடலையைத் திணித்துவிடாதீர்கள். கரப்பான், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். மற்றக் குழந்தைக்கும் கெட்டி உணவு தொடங்கிய பிறகு, நைஸாக அரைத்த விழுதைக் கஞ்சியில் கரைத்து, நாக்கு நுனி அளவில் தொடங்க வேண்டும். முழுக் கடலை கூடவே கூடாது.

ஏன் கூடாது? அதுதான் நான்காவது குற்றச்சாட்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்றரை வயதுப் பேரன். தாத்தா கடலை தின்றுகொண்டிருந்தார். பேரன் கையை நீட்டினான். தாத்தாவுக்குப் பாசம் தாங்கவில்லை. இரண்டு கடலை கொடுத்தார். பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடினான். ஒரு புரை ஏறியது, அடங்கிவிட்டது. அப்புறம் பத்து நாளாக இருமல். சிரப் கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. கடலை எக்ஸ்ரேயில் தெரியாது அய்யா! கடைசியில் ஒரு மருத்துவர் கேட்டார்: ‘இருமல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிள்ளை என்ன சாப்பிட்டான்?’ தாத்தாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டு எடுத்தார்கள். அரைக் கடலை! அதற்குப் பிறகு அந்தத் தாத்தா, ‘எம் பேரன் முன்னாடி கடலை திங்க மாட்டேன்’ என்கிறார்.

தாத்தா, நீங்கள் தின்னுங்கள். பேரனுக்கு அரைத்துக் கொடுங்கள், அவ்வளவுதான்! கடைவாய்ப் பற்கள் முளைத்து, நன்றாக மென்று தின்னப் பழகுகிறவரை, நாலைந்து வயதுவரை முழுக் கடலை வேண்டாம். பெரிய பிள்ளைகளானாலும் ஓடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் தின்னக் கூடாது. உட்கார வைத்துக் கொடுங்கள். இளைஞர்கள் இன்னொரு விதமாகக் ‘கடலை போடுகிறார்கள்’. அதை நின்றுகொண்டே மணிக்கணக்கில் போடுகிறார்கள். அந்தக் கடலையில் கேடு உண்டு என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். தேர்வு முடிவு வரும்போது தெரியும்! (சிரிப்பு)

சரி, நான்குக்கும் பதில் சொல்லிவிட்டேன். இப்போது எதிரணிக்கு என் ஒரே கேள்வி. ஏழையின் பாதாம் என்று இதற்குப் பெயர். பணக்கார வீட்டில் கடலையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பாதாம் வரும், முந்திரி வரும், பிஸ்தா வரும். கூலி வேலைக்குப் போகிற தாயின் வீட்டில் கடலையை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வரும்? சொல்லுங்கள்!

எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற ஒரு தங்கச்சி. இரண்டு பிள்ளைகள். மாலையில் பள்ளி விட்டு வந்தால் அவித்த கடலை கொடுப்பார். திடீரென்று நிறுத்திவிட்டார். ‘ஏம்மா?’ என்றேன். ‘கடலை தின்னா கொழுப்புன்னு யாரோ சொன்னாங்க சார். பித்தம்னாங்க. அதான் டப்பா மாவு வாங்கிப் பால்ல கலந்து குடுக்கறேன்’ என்றார். டப்பா என்ன விலை? அவருடைய இரண்டு நாள் வருமானம்! எத்தனை நாள் வரும் என்றேன். ‘பத்து நாளைக்கு வரும் சார். அப்புறம் அடுத்த மாசம்தான்’ என்றார். மாதத்தில் பத்து நாள் டப்பா, இருபது நாள் ஒன்றும் இல்லை. பயம் அந்தப் பிள்ளைகளின் தட்டிலிருந்து எதை எடுத்தது என்று பார்த்தீர்களா? ‘அம்மா, பழைய மாதிரி கடலையை அவித்துக் கொடு. பொறுக்கி எடுத்து அவி. மிச்சக் காசுக்கு முட்டை வாங்கு, கீரை வாங்கு’ என்றேன். இப்போது அந்த வீட்டில் மறுபடி கடலை அவிகிறது.

கடைசியாக ஒன்று. ஊட்டச்சத்துக் குறைவு முற்றி, எலும்பும் தோலுமாகக் கிடக்கிற ஆப்பிரிக்கக் குழந்தைகளின் படங்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றப் பால்மாவைச் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய் எப்படி வருவாள்? ஆந்த்ரே பிரியாண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1996-இல் ஒரு வழி கண்டார். கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள், எல்லாம் சேர்ந்த பசை. 92 கிராம் பாக்கெட், 500 கலோரி. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம். பாக்கெட்டைக் கிழித்தால் குழந்தை தானே பிதுக்கிச் சாப்பிடும், வீட்டிலேயே!

2005-இல் நைஜர் நாட்டில் பஞ்சம் வந்தபோது ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார்கள். தூக்க முடியாமல் கிடந்த தலையைத் தூக்கிப் பார்த்தன அந்தப் பிள்ளைகள். 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும், மற்ற ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து, இதுபோன்ற உணவை வீட்டில் வைத்தே கொடுக்கும் முறையை ஏற்றுக்கொண்டன. உலகத்தில் எத்தனையோ தானியம், எத்தனையோ கொட்டை இருக்க, சாவின் வாசலில் கிடந்த குழந்தையை மீட்கப் போன அந்தப் பாக்கெட்டுக்குள் எது போனது? பாதாமா, பிஸ்தாவா? நம் கடலை அய்யா, நம் மல்லாட்டை! (பலத்த கைதட்டல்)

மணி அடித்துவிட்டார் நடுவர். முடித்துவிடுகிறேன். வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! நன்றாகக் காய்ந்த கடலையாக வாங்குங்கள். சொத்தையைப் பொறுக்கி எறியுங்கள். அவித்தோ, மணலில் வறுத்தோ கொடுங்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி. சின்னப் பிள்ளைக்கு அரைத்து. ஒவ்வாமை உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம்.

நடுவர் அவர்களே, ‘பார்த்துச் சாப்பிடு’ என்பது அறிவு. ‘சாப்பிடவே சாப்பிடாதே’ என்பது பயம். எதிரணி எடுத்துக்காட்டிய கேடுகள் எல்லாம் கவனத்தால் தீரக் கூடியவை. ஆனால் ஏழைப் பிள்ளையின் கையிலிருந்து கடலையைப் பறித்துவிட்டால், அந்தக் கை வெறும் கையாகத்தான் இருக்கும். அதற்கு மருந்து எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே நிலக்கடலை நம் குடும்பத்துக்குப் பெரிதும் தருவது நலமே, நலமே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.